உட்கார்ந்த வேலையும் இரத்தச் சர்க்கரையும்: இராமநாதபுரம் கரையோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கரையோரத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கேட்டால், வங்கி ஊழியரையும் அலுவலக எழுத்தரையும் தவிர வேறு யாரும் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. கடல் தொழிலும் உப்பளமும் பனையேற்றமும் பாசி எடுப்பும் நடக்கும் மாவட்டம் என்பதால், இங்குள்ளவர்கள் எல்லாரும் உடலால் உழைப்பவர்கள் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆனால் தங்கச்சிமடத்தில் கொட்டகை நிழலில் காலை நீட்டி வலை சீர்செய்பவர், இராமேசுவரத்தில் சங்கும் சிப்பியும் விற்கும் கடையில் கல்லாவில் இருப்பவர், கீழக்கரையில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர், சாயல்குடிப் பக்கம் பனையோலைப் பெட்டி முடைபவர், தொண்டியில் இ-சேவை மையத்தில் கணினி பார்ப்பவர், தனுஷ்கோடிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர் ஆகிய அனைவரும் ஒரே வரிசையில் வருகிறவர்கள்தான். கை ஓயாமல் ஓடுவதால் உடலும் உழைக்கிறது என்று இவர்கள் நம்புகிறார்கள். இடுப்புக்குக் கீழே உள்ள பெரிய தசைகள் மணிக்கணக்கில் சும்மா கிடப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த வழிகாட்டி உடற்பயிற்சியைப் பற்றியது அன்று. காலையில் ஒரு மணி நேரம் நடப்பது நல்லது என்பதை எல்லாரும் அறிவர். அந்த நடைக்குப் பிறகு இரவு வரை தொடரும் உட்காருதலை எங்கே, எப்போது, எதைக் கொண்டு துண்டிப்பது என்பதே இங்குள்ள பொருள். இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்றைச் செய்தவர் மற்றதையும் செய்துவிட்டதாகக் கருதுவதுதான் பொதுவாக நேரும் தவறு.

உட்கார்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது

சோறு செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கும்போது, அதில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவை எலும்போடு ஒட்டிய தசைகள். அவற்றிலும் தொடை, பிட்டம், கெண்டைக்கால் ஆகியவற்றின் தசைகள் அளவில் பெரியவை. மீன் கரைக்கு வந்து இறங்கிய நேரத்தில் பெரிய வியாபாரிகள் ஏலத்துக்கு வராவிட்டால் சரக்கு எப்படித் தேங்குமோ, அப்படித்தான் சாப்பிட்டுவிட்டு அசையாமல் இருப்பவரின் இரத்தத்தில் சர்க்கரை தேங்குகிறது. தேங்கியதை உள்ளே தள்ளுவதற்குக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. இது நாள்தோறும் நடந்தால், செல்கள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறைந்துகொண்டே போகும். நீரிழிவுக்கு முந்தைய நிலை தொடங்கும் வழிகளில் இது ஒன்று.

தசை சுருங்கும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறானது. தசைச் செல்லின் உள்ளே இருக்கும் குளுக்கோஸ் கடத்திப் புரதங்கள், இன்சுலினின் கட்டளைக்குக் காத்திராமல், சுருக்கத்தின் தூண்டுதலாலேயே செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத ஒருவருக்குக்கூட இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது என்பதுதான் சிறு நடைக்கு இவ்வளவு மதிப்பு ஏற்படக் காரணம்.

கொழுப்பின் கதையும் இதை ஒட்டியே செல்கிறது. இரத்தத்தில் மிதக்கும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை உடைத்துத் தசைக்குத் தரும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி, கால் தசைகள் அசையாமல் இருந்தால் சில மணி நேரத்திலேயே செயல் குன்றிவிடுவதை எலிகளில் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதர்களில் கண்டது இன்னும் கூர்மையானது: தொடர்ந்து சில நாட்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தவர்கள் பிறகு ஒரு மணி நேரம் ஓடியபோதும், மறுநாள் கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் டிரைகிளிசரைடு குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பவர் யோசிக்க வேண்டிய செய்தி இது.

இந்தத் துறையின் முதல் பெரிய ஆய்வு பேருந்தில்தான் நடந்தது. இலண்டன் மாநகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருக்க, நடத்துநர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் 1953-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு இதயத் தமனி நோய் அதிகமாக இருந்தது. பின்னர் சீருடையின் இடுப்பளவுகளை அவரே ஒப்பிட்டு, ஓட்டுநர்களின் இடுப்பு தொடக்கத்திலிருந்தே பருத்திருந்ததையும் கண்டு எழுதினார். ஆகவே குற்றம் முழுவதையும் இருக்கையின் மேல் சுமத்திவிட முடியாது. தம் முடிவையே இப்படிக் கேள்விக்கு உட்படுத்திய அந்த நேர்மை, உட்காருவதுதான் புதிய புகைப்பழக்கம் என்று இன்று உரக்கச் சொல்பவர்களிடம் இருப்பதில்லை. புகையின் கேடு இதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த ஒப்பீட்டை நம்ப வேண்டாம்.

முதலில் ஒரு நாளைக் கணக்கெடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை நாளையும் ஒரு விடுமுறை நாளையும் தாளில் எழுதிப் பாருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தோ சாய்ந்தோ, ஓய்வில் செலவாகும் ஆற்றலைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படாமல் செலவழித்துக் கழியும் ஒவ்வொரு பொழுதும் இந்தக் கணக்கில் சேரும். உறக்கம் சேராது. டீக்கடை பெஞ்சு, பேருந்து இருக்கை, திண்ணைப் பேச்சு, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தைக் காட்டிலும் முக்கியமானது, இடையில் எழுந்திராமல் தொடர்ந்த மிக நீண்ட பொழுது எது என்பது. அதன் கீழே கோடிட்டு, அது சாப்பாட்டுக்குப் பின் வந்ததா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மதியச் சோற்றுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரமும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சி முன் கழியும் நேரமுமே பெரும்பாலோருடைய தாளில் கோடு விழும் இடங்கள்.

நூல்நாடாவால் தொப்புள் மட்டத்தில் வயிற்றையும் அளந்து அதே தாளில் எழுதுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. நம்மவர்களுக்கு உடல் மெலிந்து தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இயல்பு மிகுதி என்பதால், எடை பார்க்கும் இயந்திரத்தைவிட இந்த நாடா உண்மையைச் சொல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்களை ஏறத்தாழ 10.1 கோடி என்றும், அதற்கு முந்தைய நிலையில் உள்ளவர்களை ஏறத்தாழ 13.6 கோடி என்றும் மதிப்பிட்டது. இரண்டாவது எண்ணில் உள்ளவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டியால் பயன் அதிகம்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுவது

அரை மணிக்கு ஒருமுறை என்பது நினைவில் வைத்துக்கொள்ள எளிய அளவு, ஆய்வுகளும் அதை ஒட்டியே பேசுகின்றன. 2012-இல் ஆஸ்திரேலியாவில் எடை கூடிய 19 நடுவயதினரை வைத்து நடந்த சோதனையில், இனிப்பும் கொழுப்பும் கலந்த பானத்துக்குப் பின் 5 மணி நேரம் உட்கார்ந்தவர்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 2 நிமிடம் மெல்ல நடந்தபோது, சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வேகமாக நடந்தபோது கிடைத்த கூடுதல் பயன் சிறிதே. 2023-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 11 பேரை வைத்துப் பல இடைவெளிகளை ஒப்பிட்டார்கள். அரை மணிக்கு 5 நிமிடம் நடந்ததே சர்க்கரையைத் தெளிவாகக் குறைத்தது. ஒரு மணிக்கு 1 நிமிடம் நடந்தவர்களுக்கும் இரத்த அழுத்தம் சற்று இறங்கியது, ஆனால் சர்க்கரையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பங்கேற்றவர் எண்ணிக்கை சிறியது என்பதால் இவற்றை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் எல்லா ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

கடையை விட்டு அரை மணிக்கு 5 நிமிடம் நடக்க யாரால் முடியும் என்ற கேள்வி நியாயமானது. முடிகிற அளவில் தொடங்கினால் போதும்: முதல் வாரம் ஒரு மணிக்கு ஒருமுறை 2 நிமிடம், பிறகு சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிடம், அது பழகிய பின் மற்ற பொழுதுகளுக்கும் விரித்துக்கொள்ளலாம். எல்லா நேரத்தையும் ஒரே கட்டுப்பாட்டில் கொண்டுவர முயல்பவர் பெரும்பாலும் சில நாட்களில் கைவிட்டுவிடுவார். நேரம் போதாதவர் சாப்பாட்டுக்குப் பிந்தைய பொழுதை மட்டும் காத்தாலே பெரும் பயன் பெறலாம்.

வெறுமனே எழுந்து நிற்பது போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதாது. உட்காருவதற்கும் நிற்பதற்கும் ஆற்றல் செலவில் உள்ள வேறுபாடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.15 கிலோ கலோரி மட்டுமே. 6 மணி நேரம் நின்றாலும் சராசரி எடையுள்ளவருக்கு 54 கிலோ கலோரி அளவில்தான் கூடும். மேலும் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பவருக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும் தொல்லை வரும்; மீன் வெட்டும் மேடையருகே நிற்பவர்களைக் கேட்டால் தெரியும். எழுந்த பின் கால் அசைய வேண்டும்.

நடக்க இடமில்லாதவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது. 2016-இல் நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, அரை மணிக்கு 3 நிமிடம் அரைக்குந்துதல், குதிகால் உயர்த்துதல், முழங்காலை மடக்கித் தூக்குதல், பிட்டத்தை இறுக்கி விடுதல் ஆகியவற்றைச் செய்யச் சொன்னது. சர்க்கரையும் இன்சுலினும் நடையால் குறைந்த அளவுக்கே இவற்றாலும் குறைந்தன. டிரைகிளிசரைடும் சேர்ந்து குறைந்தது. கல்லாவுக்குப் பின்னால் இரண்டடி இடம் இருந்தால் இதைச் செய்யலாம். கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி அளவு உட்கார்ந்து எழுவதை 10 முறை, நின்ற இடத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குவதை 20 முறை, முழங்காலை ஒவ்வொன்றாக இடுப்பளவு தூக்குவதை 20 முறை என்று சுற்றி வந்தால் 3 நிமிடம் கழிந்துவிடும். வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பின்

அரிசிச் சோறும் மீன்குழம்பும் இந்தக் கரையின் உணவு. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோற்றின் அளவுதான் சிக்கல், அதற்கடுத்தது சாப்பிட்டவுடன் வரும் படுக்கை. சாப்பிட்ட பிறகு சர்க்கரை பொதுவாக அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. அந்த உச்சம் எழுவதற்கு முன்பே கால்களை அசைக்கத் தொடங்குவது நலம். 2013-இல் 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடந்தது, காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடந்ததற்கு இணையாக நாள் முழுவதன் சர்க்கரையைக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை அதைவிட நன்றாகவே குறைத்தது.

எனவே நாளுக்கு ஒரு நடைதான் முடியும் என்றால், அது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அமையட்டும் என்பது என் கருத்து. பகலில் இந்த மாவட்டத்தின் வெயில் பெரும்பாலான மாதங்களில் நடக்க விடாது. இரவில் கடற்காற்று உண்டு, தெருவில் ஆளும் உண்டு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் பள்ளிவாசலுக்குச் செல்பவர்களுக்கு இது இன்னும் எளிது: அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு இரவு உணவை முடித்துக்கொண்டு இரவுத் தொழுகையான இஷாவுக்கு வண்டி எடுக்காமல் நடந்து சென்றால், சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை தானே அமைந்துவிடும். தொழுகையின் நிலையும் குனிவும் எழுகையும் கால் தசைகளுக்கு வேலை தருபவை. நோன்பு மாதத்தில் கஞ்சியும் வடையும் தின்று முடித்த பிறகு தராவீஹ் என்னும் இரவுச் சிறப்புத் தொழுகைக்கு நிற்பது, அந்தச் சர்க்கரை ஏறுகிற நேரத்திலேயே வருவதும் கவனிக்கத்தக்கது. கீழக்கரையின் இனிப்பான தொதலை ஒரு துண்டு தின்றவரும் அதே கணக்கில் எழுந்து நடக்கலாம். கருப்பட்டியில் செய்தது என்பதால் அது சர்க்கரையை ஏற்றாது என்று நம்புவதுதான் தவறு. இராமேசுவரத்தில் இருப்பவர்கள் மழை நாட்களிலும் வெயில் நாட்களிலும் கோயிலின் நீண்ட பிராகாரங்களை, கூட்டம் குறைந்த வேளை பார்த்து, நடைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தொழிலுக்கு ஏற்ற வழிகள்

கைப்பேசியில் அரை மணிக்கு ஒருமுறை மணி அடிக்க வைப்பது எல்லாரும் சொல்லும் யோசனை. மூன்றாம் நாள் அந்த மணியை அணைத்துவிடுவதே வழக்கம். வேலையிலேயே இயல்பாக வந்துபோகும் ஒரு நிகழ்வோடு எழுதலைக் கட்டிப்போடுவது நீடிக்கும்.

வலை சீர்செய்பவருக்கு அந்த நிகழ்வு ஊசி நூல் தீர்வது. வலை ஊசியில் நூல் சுற்றி வைத்திருப்பவர், ஒவ்வொரு முறை நூல் தீரும்போதும் எழுந்து வலையின் மறுமுனை வரை நடந்து கிழிசல் பார்த்து வரலாம். அடுத்த ஊசிகளைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்வது இதற்குத் துணை செய்யும். பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்கிவைத்துக்கொள்வதைத் திறமை என்று நாம் பாராட்டுகிறோம், உடலுக்கு அது நட்டம். பெட்டி முடைபவர் ஒவ்வொரு பெட்டியின் அடிப்பகுதி முடிந்ததும் எழுந்து, ஓலை நனைக்கும் இடத்துக்குத் தாமே போய் வரலாம். பேத்தியை ஏவ வேண்டாம். தையற்காரர் வெட்டும் மேசையை நின்று வேலை செய்யும் உயரத்துக்கு ஏற்றி, வெட்டு வேலையைத் தையலுக்கு இடையிடையே பிரித்து வைத்துக்கொள்ளலாம். இ-சேவை மையத்தில் இருப்பவர் அச்சுப்பொறியை எழுந்துதான் போய் எடுக்க வேண்டிய இடத்தில் வைத்தால், ஒவ்வொரு சான்றிதழும் அவரை எழுப்பும்.

தரையில் உட்காருவது பற்றி ஒரு செய்தி. தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையும் கிழங்கும் கொண்டு வாழ்பவர்கள். அவர்களும் நாளுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் ஓய்வாகவே இருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு கண்டது. ஆனால் அவர்கள் அந்த நேரத்தில் கணிசமான பகுதியைக் குந்தியும் மண்டியிட்டும் கழிக்கிறார்கள், குந்தும்போது கால் தசைகள் நாற்காலியில் இருப்பதைவிட அதிகமாக இயங்குகின்றன. நம் கரையில் கருவாடு தரம்பிரிக்கும் பெண்களும் மீன் அரியும் பெண்களும் குந்தியே வேலை பார்க்கிறார்கள். முழங்கால் வலி இல்லாதவரை அவர்களைப் பிளாஸ்டிக் முக்காலிக்கு மாற்றுவது முன்னேற்றம் ஆகாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு முக்காலியே சரி. அவர்கள் அடிக்கடி எழுந்து நடந்தால் போதும். தரையில் சப்பணமிட்டோ காலை நீட்டியோ இருப்பவருக்கு இருக்கும் ஓர் ஆதாயம், எழுவதே ஒரு வேலையாக அமைவது. கையை ஊன்றாமல் எழப் பழகுங்கள்.

ஓட்டுநர்களுக்கு வழி குறைவு. மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வண்டி ஓட்டுபவர் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. நிற்குமிடம் ஒவ்வொன்றிலும் இறங்கி வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வருவதும், டீயை உட்காராமல் நின்று குடிப்பதும், சாப்பாட்டை ஓட்டம் தொடங்குவதற்கு முன் அவசரமாக முடிக்காமல் 10 நிமிடம் நடக்க இடம்விட்டுச் சாப்பிடுவதும் செய்யக்கூடியவை. ஆட்டோ நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு இந்தச் சாக்கு இல்லை; பின்னிருக்கையில் காலைத் தூக்கிப்போட்டுப் படுக்கும் நேரத்தில் பாதியை நடைக்குக் கொடுக்கலாம்.

உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் சர்க்கரை பாதியாகக் குறையும் என்ற காணொளிகள் பல கைப்பேசிகளில் சுற்றுகின்றன. அதன் பின்னணி உண்மையானது: 2022-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள சோலியஸ் தசையைத் தனித்து இயக்கும் முறையில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் பாதியளவுக்குக் குறைந்தது. ஆனால் அவர்கள் கருவிகளின் உதவியோடு முறையைக் கற்று மணிக்கணக்கில் தொடர்ந்து செய்தார்கள். இருபது முறை காலை ஆட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. எழ முடியாத ஓட்டுநருக்கும் படகின் சுக்கான் பிடிப்பவருக்கும் சும்மா இருப்பதைவிட இது மேல் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

தடைக்காலத்தில்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இந்தக் காலத்துக்கென்று தனியாகத் திட்டம் வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். வலை இழுத்தும் மீன் அள்ளியும் வந்த உடம்பு ஒரே நாளில் நின்றுவிடுகிறது, சோற்றின் அளவோ அப்படியே இருக்கிறது. டென்மார்க்கில் 2010-இல் வெளியான ஆய்வு, நாளுக்கு 10,000 அடிகள் நடந்துவந்த இளைஞர்களை 2 வாரங்களுக்கு ஏறத்தாழ 1,300 அடிகளோடு நிறுத்திப் பார்த்தது. அந்தக் குறுகிய காலத்திலேயே அவர்களுடைய இன்சுலின் உணர்திறன் 17 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. இரண்டு வாரத்துக்கே இப்படி என்றால், இரண்டு மாதம் கேரம் பலகையின் முன்னும் சீட்டாட்டத்திலும் கழிப்பவரின் நிலையைக் கூட்டிக்கொள்ளலாம்.

தடை தொடங்கும் வாரத்திலேயே சோற்றில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தைக் காய்க்கும் மீனுக்கும் கொடுங்கள். படகு பழுதுபார்க்கும் வேலையில் சுரண்டுதல், வண்ணம் பூசுதல், சாமான் தூக்குதல் ஆகியவற்றைக் கூலிக்கு விடாமல் தாமே செய்பவருக்கு உடம்பு அவ்வளவு தளராது. காலை வெயில் ஏறுமுன் கரையோர மணலில் நடப்பது நல்ல வழி. மென்மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் தேவைப்படுகிறது. நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் நன்றாக நடப்பவர்களுக்கு, 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயம் ஏறத்தாழ இல்லாமலே போவதாக, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வு கண்டது. வேலை நாளில் அவ்வளவு நேரம் யாருக்கும் கிடைக்காது, தடைக்காலத்தில் கிடைக்கும்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பவர்கள் தங்கள் உடம்பிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே வகை உணவை ஒரே அளவில், ஒரே வேளையில் இரண்டு நாட்கள் சாப்பிடுங்கள். முதல் நாள் சாப்பிட்டபின் உட்கார்ந்தே இருங்கள். மறுநாள் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் எழுந்து 15 நிமிடம் நடங்கள். இரண்டு நாளும் சாப்பிடுவதற்கு முன்பும், முதல் கவளத்திலிருந்து 1 மணி நேரத்திலும், 2 மணி நேரத்திலும் அளந்து எழுதுங்கள். மீட்டரின் அளவில் 15 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம் என்பதால் ஐந்து, பத்து எண்கள் வேறுபட்டதைப் பொருட்படுத்த வேண்டாம். இதை மூன்று நான்கு முறை திரும்பச் செய்து ஒரே போக்கு தெரிந்தால் நம்பலாம். அளப்பதற்கு முன் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும்.

மீட்டர் இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தாலோ, அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ மருத்துவர் மீண்டும் சோதித்து உறுதி செய்வார். எழுந்து நடக்கும் பழக்கத்தின் விளைவு எச்பிஏ1சியில் தெரிய மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது வீண் செலவு.

யார் கவனமாக இருக்க வேண்டும்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் நடையைத் திடீரென்று கூட்டினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை அதன் அறிகுறிகள்; உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி கழித்து மீண்டும் அளக்க வேண்டும். இவர்கள் நடையைக் கூட்டுவதற்கு முன் மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிக்கொள்வது கட்டாயம். மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் கூடாது.

மணலில் நடக்கச் சொன்னது பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பொருந்தாது. நீண்ட காலம் நீரிழிவு உள்ளவருக்குச் சிப்பி ஓடு வெட்டியதும், தூண்டில் முள் ஏறியதும், சுடுமணல் கொப்புளமாக்கியதும் மாலையில் கால் கழுவும்போதுதான் தெரியவரும். அவர்கள் மூடிய செருப்போடு கெட்டித் தரையில் மட்டும் நடந்து, இரவில் இரண்டு உள்ளங்கால்களையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், ஏறும்போது மூச்சு வாங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நடையைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்ட பேருந்துப் பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தால் அது ஆழ் சிரையில் இரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அந்தக் காலை நீவியோ எண்ணெய் தேய்த்தோ விடாமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.